விரல் முந்திக்கொண்டது: திரையைப் படிக்காமல் அழுத்திய அனுபவங்கள்

மேலூரான்:
மேலூர்ப் பக்கம் சின்னதாக ஒரு கணினி மையம் வைத்திருக்கிறேன். ஆன்லைன் விண்ணப்பம் எதுவானாலும் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன் என்று பெருமை பேசியவன்தான். போன மாசம் ஒரு அப்பத்தா வந்தார்கள். கொட்டாம்பட்டிக்கு உள்ளே ஏதோ ஊர், இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்கள். பேரனுக்கு ஓர் அறக்கட்டளை உதவித்தொகை. எல்லாம் ஏற்றி முடித்ததும் கை தானாகக் கீழே வலதுபக்கம் போய் நீலப் பட்டனை அமுக்கிவிட்டது. அன்றைக்குப் பார்த்து அந்தத் தளத்தில் பட்டன்களை இடம் மாற்றியிருக்கிறார்கள். வலதுபக்கம் இருந்தது 'அழி'. 'நிச்சயமாகவா?' என்று ஒரு கட்டம் வந்தது. அதையும் படிக்காமல் 'ஆம்' கொடுத்துவிட்டேன். முக்கால் மணி நேர வேலை, திரை வெள்ளையாக நிற்கிறது. "முடிஞ்சிருச்சாய்யா?" என்று கேட்டுக்கொண்டே அப்பத்தா சுருக்குப்பையை அவிழ்க்கிறார்கள். அந்த விரல்கள்தான் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கின்றன. உங்களில் யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

கீழமாசி வீதி மளிகை:
ஆகாமலா. சாயங்காலக் கூட்டம், ஒருத்தர் போனை நீட்டினார், பச்சை டிக், 640 ரூபாய். தலையை ஆட்டிவிட்டேன். அவர் இறங்கிப் போன பிறகு கடைப் பையன் சொல்கிறான், "அண்ணாச்சி, அதுல நேத்துத் தேதில்ல போட்டிருந்துச்சு." விளக்குத்தூண் வரை ஓடிப் பார்த்தேன், ஆள் இல்லை. நேற்றும் அதே தொகைக்குத்தான் வாங்கியிருக்கிறார். ஏமாற்றினாரா, தெரியாமல் பழைய திரையைக் காட்டினாரா என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. துண்டுச்சீட்டில் பைசா பிசகாமல் கூட்டுகிறவன் நான், பச்சையைக் கண்டதும் மீதி எதையும் பார்க்கவில்லை. இப்போது பணம் வந்ததைச் சொல்லும் பெட்டி வாங்கி வைத்துவிட்டேன். அது கத்தினால்தான் பை கைமாறும்.

இலந்தைக்குளம் டிசைனர்:
மேலூர் அண்ணே, உங்கள் மேல் தப்பே இல்லை. தினமும் பார்க்கிற திரையை யாரும் படிப்பதில்லை, இடத்தை மனப்பாடமாக வைத்திருப்போம். இணையப் பக்கங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்கிற ஜேக்கப் நீல்சன் என்பவரின் குழு, 2006இல் 232 பேர் இணையப் பக்கம் பார்க்கும்போது அவர்களின் கண்ணசைவைப் பதிவுசெய்து பார்த்தது. மேலே ஒரு வரி முழுக்க, கொஞ்சம் கீழே இன்னொரு வரி பாதி, அப்புறம் இடது ஓரமாகவே சரசரவென்று இறக்கம், எஃப் எழுத்து மாதிரி. பட்டனை இடம் மாற்றுகிறவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இதைச் சொல்கிற நானும் ஒரு பாவம் செய்திருக்கிறேன். ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு முன்பதிவுப் பக்கம் செய்தோம். 'வெறும் வயிற்றில் வரவும்' என்பது எல்லாருக்கும் தெரியட்டும் என்று மஞ்சள் பெட்டி, சிவப்புக் கரை, வலது மேல் மூலை என்று அமர்க்களமாக வைத்தேன். என் அத்தையே அதில் பதிவுசெய்து, காலையில் நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போய்த் திரும்பி வந்தார்கள். "அத்தை, இவ்வளவு பெரிசா போட்டிருக்கேனே" என்றால், "அது ஏதோ விளம்பரம்னுல்ல நெனச்சேன்" என்கிறார்கள். பளபளவென்று இருப்பதைக் கண் தானாகவே ஒதுக்கிவிடும் என்று 1998லேயே ஆராய்ந்து சொல்லிவிட்டார்கள். பேனர் குருடு என்று அதற்குப் பெயரே இருக்கிறது. பாடத்தில் படித்திருந்தேன். அத்தையின் நான்கு இட்லியில்தான் புரிந்தது.

திருமங்கலம் தமிழையா:
தம்பி, எஃப் கணக்கு சரிதான். ஆனால் தமிழுக்கு அதைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது, அதை நீங்கள் யாரும் பேசுவதில்லை. ஆங்கிலத்தில் மறுப்பு வரியின் முன்பக்கமே வந்துவிடும். நம் மொழியில் வினை கடைசியில், 'இல்லை' அதற்கும் கடைசியில். இடது ஓரமாக இறங்குகிற கண்ணுக்கு அது எப்படி அகப்படும்?

ஒரு செயலியில் 'சலுகைகள் குறித்த அழைப்புகளைப் பெற விரும்பவில்லை' என்று ஒரு கட்டம். 'அழைப்புகளைப் பெற' வரைக்கும் பார்த்தேன், நமக்கு எதற்கு என்று டிக் போடாமல் விட்டேன். விளைவு, அப்பாவின் திவசத்தன்று பிண்டம் வைக்கும் நேரத்தில் வேட்டி மடிப்பிலிருந்து போன் அடிக்கிறது, தனிநபர் கடன் வேண்டுமா என்று. புரோகிதர் மந்திரத்தை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

இன்னொன்று. போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறேன். ஒரு விண்ணப்பத்தின் அடியில் இரண்டு பட்டன். ஒன்றில் 'விண்ணப்பத்தைச்…' மற்றதில் 'விண்ணப்பத்தை…' அவ்வளவுதான் தெரிகிறது. ஒற்று மிகுந்திருப்பதால் முதலாவது 'சமர்ப்பி'யாக இருக்க வேண்டும், மற்றது 'நீக்கு' என்று முடிவுசெய்து அழுத்தினேன். சரியாகவே இருந்தது. வலி மிகும் இடம் சோறு போடுமா ஐயா என்று கேட்ட பழைய மாணவர்கள் கவனிக்கவும். ஆனால் எல்லாருக்கும் இலக்கணம் கைகொடுக்காது. பட்டனில் வினைச்சொல்லை மட்டும் வையுங்கள், 'சமர்ப்பி', 'நீக்கு' என்று.

வில்லாபுரம் பழைய கேஷியர்:
ஏடிஎம்மில் ஒருதடவை கார்டை விட்டுவிட்டு வந்திருக்கிறேன். என் அனுபவம் அவ்வளவுதான். அந்த மெஷின் முதலில் பணத்தைக் கொடுத்தது. பணம் கைக்கு வந்தால் வந்த வேலை முடிந்தது என்று கால் வாசலுக்குத் திரும்பிவிடும். கார்டை எடுத்தால்தான் பணம் வரும் என்று பல மெஷின்களில் மாற்றி வைத்திருப்பது இதற்காகத்தான்.

மேலூர் தம்பிக்குச் சில விஷயம். அழுத்துமுன் பட்டனில் இருப்பதை வாய்விட்டுப் படியுங்கள். கவுண்டரில் நான் நோட்டை இருமுறை எண்ணுவதும் வாய்விட்டுத்தான். மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு ஒரு மூச்சு விட்டு அப்புறம் வையுங்கள். பாதியில் ஒருதடவை சேமித்துக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் முக்கியமான விண்ணப்பம் போடாதீர்கள், தூக்கம் தட்டும். கண்ணாடி போட்டு எத்தனை வருஷமாயிற்று? அரவிந்த் கண் மருத்துவமனையை அண்ணாநகரில் வைத்துக்கொண்டு மதுரைக்காரன் கண்ணைச் சோதிக்காமல் இருக்கலாமா? மளிகைத் தம்பியும் ஒருதடவை போய் வரலாம்.

கீழமாசி வீதி மளிகை:
சார், பச்சை டிக் நன்றாகவே தெரிந்தது. அதுதான் பிரச்சினையே.

மேலூரான்:
என் கண்ணும் நன்றாகத்தான் இருக்கிறது சார். சேமிக்கிற வசதியும் அந்தத் தளத்தில் கிடையாது. அன்றைக்கு அப்பத்தாவிடம் உண்மையைச் சொன்னேன். பையை மறுபடி முடிச்சுப் போட்டுக்கொண்டு, "மெதுவா அடிய்யா, கடைசி பஸ்ஸுக்கு நேரம் இருக்கு" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். காசு வாங்கவில்லை.

ஒரு மாசமாக இடதுபக்கம் அமுக்கிப் பழகிவிட்டேன். நேற்று அந்தத் தளத்தில் பட்டன்களைப் பழைய இடத்துக்கே மாற்றிவிட்டார்கள், ஒரு அறிவிப்பும் இல்லை. கை இடதுபக்கம் போய் அழுத்தியும் விட்டது. 'நிச்சயமாகவா?' என்று வந்ததை இந்தத் தடவை படித்தேன்.