நம்ம மஞ்சளைப் படிக்க நாற்பது டாலர்

குழு: தோட்டத்து வீடு, கோபி
ஞாயிற்றுக்கிழமை

காலை 7:12 சின்னம்மா: எல்லோரும் எழுந்தாச்சா? அடுத்த வாரக் கெடா விருந்துக்கு யார் யார் வருவது என்று இன்றைக்குள் சொல்லிவிடுங்கள்.

7:40 நான்: பெரிய மாமா, வேறு ஒன்று கேட்க வேண்டும். ஆறு வருசம் முன்னாடி ஆராய்ச்சிக்காரர்கள் இரண்டு பேர் வந்து நம் மஞ்சள் வயலில் கிழங்கும் மண்ணும் எடுத்துப் போனார்களே, ஞாபகம் இருக்கிறதா?

7:44 பெரிய மாமா: இல்லாமல் என்ன கண்ணு. கிழங்கு அழுகல் வந்த வருசம். மேற்கு வயலில் பாதி போய்விட்டது. அப்பா அவர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். முடிவு வந்ததும் சொல்கிறோம் என்று போனவர்கள்தான்.

7:46 நான்: முடிவு எப்போதோ வந்துவிட்டதுங்க மாமா. கட்டுரையாக அச்சிலேயே வந்திருக்கிறது. என் ஆய்வுக்காகத் தேடும்போது நேற்று ராத்திரி கண்ணில் பட்டது. முதல் பத்தி மட்டும் தெரிகிறது. முழுதாகப் படிக்க நாற்பது டாலர் கட்டச் சொல்கிறது.

7:47 அத்தை: நம்ம காசுக்கு எவ்வளவு?

7:47 நான்: 3,500 ரூபாய் பக்கம் வரும். மொத்தம் ஒன்பது பக்கம்.

7:49 பெரிய மாமா: என் ஜெராக்ஸ் கடையில் பக்கம் ஒரு ரூபாய்க்கே பேரம் பேசுகிறார்கள்.

7:55 அம்மா: அப்புச்சி பக்கத்தில்தான் இருக்கிறார். "அந்தக் காசு வந்து போன பசங்களுக்குப் போகுமா?" என்று கேட்கச் சொல்கிறார்.

7:58 நான்: ஒரு பைசா போகாதுங்க அப்புச்சி. எழுதினவர்களுக்கு ஆய்விதழ் பணம் தராது. எழுதியது சரியா என்று படித்துத் திருத்தம் சொல்கிற மற்ற பேராசிரியர்களுக்கும் பெரும்பாலும் கூலி கிடையாது. சம்பளமும் ஆராய்ச்சிச் செலவும் அரசாங்கப் பணம். கட்டுரை மட்டும் பதிப்பகத்தாரிடம்.

8:03 அம்மா: அப்புச்சி சொல்வதை அப்படியே எழுதுகிறேன். "வயல் நம்முது, கெழங்கு நம்முது, எளநீரும் நம்முது. பூட்டு மட்டும் அவனுதா?"

8:05 தம்பி: அக்கா, பொறுங்க. எங்கள் கல்லூரியில் 'ஒரே நாடு ஒரே சந்தா' இருக்கிறது, ஆய்விதழ்களுக்கு அரசாங்கமே மொத்தமாகச் சந்தா கட்டுகிற திட்டம். எடுத்துப் பார்க்கிறேன்.

8:06 சின்னம்மா: ரேஷன் கார்டுக்கும் இதே பேர்தானே வைத்தார்கள்?

8:09 தம்பி: அதே பாணிதான் அம்மா. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மூன்று வருசத்துக்கு 6,000 கோடி. 30 பதிப்பகங்கள், 13,000 இதழ்களுக்குப் பக்கம். அரசுக் கல்லூரி, பல்கலைக்கழகம், மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையங்களில் இருப்பவர்கள் 2025 ஜனவரியிலிருந்து படிக்கலாம்.

8:11 பெரிய மாமா: அப்புறம் அக்காவுக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை?

8:13 நான்: நான் இருப்பது சுயநிதிக் கல்லூரிங்க மாமா, அந்தக் கணக்கில் வராது. கோயமுத்தூரில் இருந்து ஈரோடு வரைக்கும் பஸ்ஸில் வந்தால் எத்தனை கல்லூரி போர்டு கண்ணில் படுகிறது? அதில் பெரும்பாலும் எங்களை மாதிரிதான்.

8:14 அத்தை: மஞ்சளைப் பற்றி நமக்குத் தெரியாததையா அவர்கள் எழுதிவிட்டார்கள்? விடு கண்ணு.

8:19 தம்பி: அப்படி விட முடியாதுங்க அத்தை. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995ல் அமெரிக்காவில் காப்புரிமையே கொடுத்துவிட்டார்கள். நம் மத்திய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர் எதிர்த்து நின்று 1997ல் அதை ரத்து செய்ய வைத்தது. எங்கள் ஆத்தா காலத்திலிருந்து பூசுகிறோம் என்றால் எடுபடாது. பழைய சமஸ்கிருத நூல், 1953ல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரை என்று அச்சில் இருந்ததை எடுத்து நீட்டினார்கள்.

8:20 அத்தை: அடேங்கப்பா.

8:41 தம்பி: அக்கா, அந்த இதழ் எங்கள் பட்டியலில் இல்லை.

8:43 பெரிய மாமா: எனக்குத் தெரிந்த ஒரு பையன் எந்தக் கட்டுரையும் எங்கிருந்தோ இறக்கிக் கொடுப்பான். கேட்கட்டுமா?

8:45 நான்: வேண்டாம்ங்க மாமா. அந்த இரண்டு பேரில் ஒருவர் இந்த ஆய்வை வைத்தே முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறார். அப்படியானால் ஷோத்கங்காவில் இருக்க வேண்டும், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கிற இணையதளம். முனைவர் ஆய்வேட்டை மின்படியாகவும் கொடுக்கச் சொல்லி 2009ல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விதி போட்டது. அதையெல்லாம் காந்திநகரில் இருக்கிற யுஜிசியின் இன்ஃபிலிப்நெட் மையம் அதில் சேர்த்து வைக்கிறது. பணமும் வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம்.

9:02 நான்: கிடைத்துவிட்டது!! அத்தியாயம் அத்தியாயமாக இருக்கிறது. நான்காவதில் நம் பக்கத்து வயல்கள். கட்டுரையில் ஒன்பது பக்கம், இதில் அதே விசயம் அறுபது பக்கம்.

9:04 பெரிய மாமா: அனுப்பு, பிரிண்ட் போடுகிறேன். கேஸ் ஏதும் வராதே?

9:08 நான்: நாம் படிக்க ஒரு பிரதிக்கு யார் கேஸ் போடுவார்கள்? டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் உங்களை மாதிரி ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் மேல் 2012ல் பெரிய பதிப்பகங்கள் மூன்று சேர்ந்து வழக்குப் போட்டன. பாடத்துக்கு வேண்டிய பகுதிகளை நகல் எடுத்துத் தொகுத்துக் கொடுத்தார் என்று. 2016ல் டெல்லி உயர் நீதிமன்றம் அது பதிப்புரிமை மீறல் இல்லை என்று சொல்லிவிட்டது.

9:09 பெரிய மாமா: அந்தத் தீர்ப்பை முதலில் அனுப்பு. கடையில் ஒட்டி வைக்கிறேன்.

9:10 நான்: முழுப் புத்தகத்தையும் நகலெடுத்து விற்கலாம் என்று அதில் இல்லைங்க மாமா 😀

9:15 அத்தை: சும்மா கிடைத்தும் என்ன, எல்லாம் இங்கிலீஷ்தானே. உங்கள் மாமா பிரிண்ட் போட்டு யார் படிப்பது?

9:18 நான்: அதுவும் சரிதான். வேளாண் பல்கலைக்கழகத்தின் அக்ரிடெக் தளத்தில் தமிழிலேயே நிறைய இருக்கிறது, ஆனால் நம் வயல் அதில் இல்லை. நம் வயல் வருகிற பக்கங்களை மட்டும் நானே தமிழில் எழுதிப் போடுகிறேன்.

மாலை 5:30 நான்: இந்தாங்க, முதல் துண்டு. "வயல் 7. கோபி வட்டம். தடப்பள்ளி வாய்க்கால் பாசனம். மேற்கு வயல். ரகம் பிஎஸ்ஆர் 2. வாய்க்கால் ஓரத்துப் பாத்திகளில் தண்ணீர் தேங்கி அழுகல் அதிகம்."

5:52 அம்மா: அப்புச்சி இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார். தண்ணீர் தேங்கினது நிசமாம். ரகம்தான் தப்பாம். அந்த பிஎஸ்ஆர், அதுதான் பவானிசாகர் ரகம், போட்டது கிழக்கு வயலிலாம். மேற்கில் நாட்டு மஞ்சள்தான் போட்டிருந்தாராம்.

5:53 பெரிய மாமா: அப்பா சொல்வது சரி. விதைக்கிழங்கு வாங்கின சீட்டு பீரோவில் இருக்கும்.

5:55 நான்: அய்யோ, அப்படியானால் அந்த அட்டவணையே மாறுமே.

5:58 அம்மா: அந்தப் பசங்களுக்குப் போன் போட முடியுமா என்று கேட்கிறார். கோபிக்கிற மாதிரி இல்லை, இன்னொரு தரம் வரச் சொல்வதற்காம். இளநீர் இருக்கிறதாம்.

6:01 நான்: ஆய்வேட்டில் மின்னஞ்சல் முகவரி இருக்கிறது. மாமா, அந்தச் சீட்டைப் படம் எடுத்துப் போடுங்க, இன்றைக்கே எழுதுகிறேன்.

6:02 சின்னம்மா: கெடா விருந்துக்கு இன்னும் ஒருத்தர்கூடப் பதில் சொல்லவில்லை.