ஷெரிஃப் கார் வீட்டு வாசல்ல வந்து நின்னப்போ: உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

ஃபோர்சைத் கவுண்ட்டி, ஜார்ஜியா

போன கோடையில ஊர்லேர்ந்து வந்திருந்த மாமனார், சாயங்காலம் நடக்கப் போனவர் இருட்டியும் திரும்பல. போனை மேஜை மேலயே வெச்சிட்டுப் போயிட்டார். இங்க சப்டிவிஷனுக்குள்ள, அதாவது ஒண்ணா கட்டின குடியிருப்புக்குள்ள, எல்லா வீடும் ஒரே அச்சு, ஒரே நிறம். புதுசா வந்தவங்களுக்குத் திசையே புரியாது. காரை எடுத்துட்டு அரை மணி நேரம் சுத்திப் பார்த்துட்டு, கை நடுங்க அவசர உதவி எண் 911-ஐக் கூப்பிட்டேன்.

போலீஸ் வரும்னு நினைச்சேன். வந்த காரில ‘ஷெரிஃப்’னு எழுதியிருந்தது. கவுண்ட்டின்னா நம்ம ஊர் மாவட்டம் மாதிரி, ஷெரிஃப்னா அந்தக் கவுண்ட்டியோட சட்டம் ஒழுங்கு அதிகாரி. வந்த டெபுட்டி, அதாவது ஷெரிஃபுக்குக் கீழ வேலை பார்க்கிற அதிகாரி, இளவயசுக்காரர். மாமனார் என்ன சட்டை போட்டிருந்தார், எந்த மொழி பேசுவார், சர்க்கரை இருக்கா, கடைசியா எப்போ சாப்பிட்டார்னு பொறுமையா ஒண்ணொண்ணா கேட்டார். போட்டோ வாங்கிக்கிட்டார். இன்னும் ரெண்டு கார் தேடப் போச்சு. முக்கால் மணி நேரத்துல பக்கத்து சப்டிவிஷன் நீச்சல்குளத்தோரம் பெஞ்சில உக்காந்திருந்தவரைக் கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வந்தாங்க. “பின்னாடி ஏத்தலைம்மா, முன்சீட்டுல உக்கார வெச்சார்”னு மாமனார் இன்னைக்கும் சொல்லிக்கிட்டே இருக்கார்.

அப்புறம்தான் விசாரிச்சேன். எங்க முகவரியில கம்மிங்னு இருந்தாலும் வீடு நகர எல்லைக்கு வெளிய. கம்மிங் நகரத்துக்குத் தனி போலீஸ் உண்டு. எல்லைக்கு வெளிய ரோந்து, விசாரணை எல்லாமே ஷெரிஃப் அலுவலகம்தான்.

க்வின்னெட் கவுண்ட்டி, ஜார்ஜியா

பெரியவர் நல்லபடியா வந்து சேர்ந்ததே போதும் தங்கச்சி. எங்க கவுண்ட்டி உங்களுக்குப் பக்கத்துலயே இருந்தாலும் இங்க ஏற்பாடு வேற. ரோந்துக்கு கவுண்ட்டி போலீஸ்னு தனித்துறை இருக்கு. ஷெரிஃப் கையில இருக்கிறது ஜெயில், கோர்ட்டுப் பாதுகாப்பு, வாரண்ட், சம்மன். அதனால திருட்டுப் போனா இங்க ஷெரிஃப்கிட்ட போறதில்லை.

எங்க வீட்டுக்கு டெபுட்டி வந்தது சம்மனோட. பழைய கார் விபத்து ஒண்ணுல எதிராளி வழக்குப் போட்டிருந்தார். சீருடையைப் பார்த்ததும் மனைவி பயந்துபோய்க் கதவைத் திறக்கல. நான்தான் போய்த் திறந்தேன். “இது கைது இல்ல, கோர்ட்டுக் காகிதம், கொடுத்துட்டுப் போறதுதான் என் வேலை”னு அவர் நிதானமா விளக்கினார். ஜார்ஜியாவில சம்மன் கையில வந்த 30 நாளுக்குள்ள பதில் தாக்கல் பண்ணணும். தவறினா நம்ம பக்கத்தைக் கேட்காமலே தீர்ப்பு ஆகிடலாம். அன்னைக்கே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பிட்டேன், அவங்க வக்கீல் வெச்சுப் பார்த்துக்கிட்டாங்க. தயவுசெஞ்சு யாரும் பயந்துகிட்டு அந்தக் காகிதத்தை ஒதுக்கி வெச்சிடாதீங்க. நம்மாளுங்க பல பேர் இதுல மாட்டிக்கிறாங்க.

ஜெயில்னதும் இன்னொண்ணு. விசாரணைக்குக் காத்திருக்கிறவங்களையும் சின்னத் தண்டனைக்காரங்களையும்தான் கவுண்ட்டி ஜெயில்ல வெப்பாங்க. நீண்ட தண்டனைன்னா மாநிலச் சிறை, அது ஷெரிஃப் பொறுப்புல வராது.

குப்பர்டினோ, கலிஃபோர்னியா

இங்க மூணாவது வகை. குப்பர்டினோ நகரம்தான், ஆனா சொந்தமா போலீஸ் துறை கிடையாது. சாரடோகா, லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸ் மாதிரியே சான்டா கிளாரா கவுண்ட்டி ஷெரிஃபுக்குப் பணம் கட்டி ஒப்பந்தத்துல சேவை வாங்குது. இந்த முறையை 1954-ல லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து லேக்வுட் ஆரம்பிச்சு வெச்சது. எங்க கார் கண்ணாடியை உடைச்சு லேப்டாப்பை எடுத்துட்டுப் போனப்போ புகாரை எழுதிக்கிட்டது ஷெரிஃப் டெபுட்டிதான்.

ஃபோர்சைத் கவுண்ட்டி, ஜார்ஜியா

அண்ணா, சம்மன் விஷயத்தை எங்க குடும்பக் குழுவுலயும் போட்டுட்டேன், ரொம்ப நன்றி.

மாமனார் மறுநாள் காலையில கேட்டது, “அந்தத் தம்பிக்கு மேலதிகாரி யாரு? ஒரு லெட்டர் எழுதணும்.” நம்ம ஊர்ல எஸ்.பி.யை அரசு நியமிக்கும், அரசே மாத்தும். இங்க ஷெரிஃபை 4 வருஷத்துக்கு ஒரு தடவை கவுண்ட்டி மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறாங்கன்னு சொன்னதும் அவர் நம்பவே இல்ல. “அப்போ நீ போட்டியா?”ன்னார். குடியுரிமை வந்து ரெண்டு வருஷம் ஆச்சு, வாக்காளர் பதிவே நான் பண்ணியிருக்கல. அன்னைக்கே உக்காந்து பண்ணினேன். ஜார்ஜியாவில அடுத்த ஷெரிஃப் தேர்தல் 2028-ல வருது.

லெட்டரை ஷெரிஃப் பேருக்கே அனுப்பினோம். மாமனார் தமிழ்ல ஒரு பக்கம் எழுதினார், அதுக்குக் கீழே நான் இங்கிலீஷ்ல எழுதினேன். முன்சீட்டு விஷயத்தை விட்டுடாதேன்னு பக்கத்துலயே நின்னு பார்த்தார்.