கனடாவில் வீடு வாங்கியவர்களுக்கு: ஜாயிஸ்டில் எங்கே ஓட்டை போடலாம், எங்கே கூடாது

ஒன்டாரியோவில் வீடு வாங்கியதும் நம்மவர்கள் பலர் முதலில் யோசிப்பது பேஸ்மென்டை முடிப்பதும் மேலே இன்னொரு பாத்ரூம் கூட்டுவதும்தான். இரண்டுக்குமே குழாயும் வயரும் ஜாயிஸ்ட் மரங்களை, அதாவது தளத்தைத் தாங்க வரிசையாகப் படுக்கவைத்த மரங்களை, கடந்து போகவேண்டும். ஊரில் சுவரைக் கொத்திக் குழாய் பதித்துவிட்டுப் பூசிவிடுவார்கள். இங்கே மேல்தளம் மொத்தமும் நிற்பது இந்த மரங்களின் மேல். கொத்திய மரத்துக்குப் போன பலம் திரும்பாது.

சாதாரண மர ஜாயிஸ்டுக்குக் கட்டட விதி (பில்டிங் கோட்) சொல்வது இதுதான்: ஓட்டையின் விட்டம் மரத்தின் உயரத்தில் கால் பங்கைத் தாண்டக்கூடாது. மேல் விளிம்பு, கீழ் விளிம்பு இரண்டிலிருந்தும் 50 மி.மீ.யாவது தள்ளியிருக்கவேண்டும். 2x10 என்று விற்கும் மரத்தின் அசல் உயரம் 235 மி.மீ., கால் பங்கு 58. பேசினுக்குப் போடும் ஒன்றரை அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 48, அது நுழையும். இரண்டு அங்குலக் குழாய்க்கு வெளிவிட்டமே 60, அது நுழையாது. டாய்லெட்டின் மூன்று அங்குலக் குழாய்க்குப் பேச்சே இல்லை. அதை இரண்டு ஜாயிஸ்டுக்கு நடுவில் நீளவாக்கில் கொண்டுபோங்கள், இல்லையென்றால் ஜாயிஸ்டுக்குக் கீழே இறக்கிப் பெட்டி அடித்து மறையுங்கள்.

வடிகால் குழாய்க்குச் சரிவும் வேண்டும், 50க்கு 1. ஜாயிஸ்டுகள் 400 மி.மீ. இடைவெளியில் இருந்தால் ஒவ்வொரு மரத்திலும் ஓட்டை 8 மி.மீ. இறங்கிக்கொண்டே வரவேண்டும். எல்லா மரத்திலும் பென்சிலால் குறித்த பிறகு டிரில்லை எடுங்கள். இடுக்கில் சாதாரண டிரில் நேராக நிற்காது. வாடகைக்கு ரைட் ஆங்கிள் டிரில் (தலை செங்கோணத்தில் திரும்பியது) கிடைக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள்.

ஏன் விளிம்புகளை விட்டுவிட்டு உயரத்தின் நடுவில் போடவேண்டும்? பாரம் ஏறும்போது மரத்தின் மேல் விளிம்பு நசுங்கப் பார்க்கும், கீழ் விளிம்பு இழுபடும். நடுப்பகுதிக்கு அந்த வேலை மிகக் குறைவு. உயரத்தில் கால் பங்கு அளவுக்குச் சரியாக நடுவில் ஓட்டை போட்டால், வளைவைத் தாங்கும் பலத்தில் 2 சதவீதம்கூடப் போகாது. அதே கால் பங்கைக் கீழ் விளிம்பில் வெட்டி எடுத்தால் 44 சதவீதம் போய்விடும். போதாததற்கு அந்த வெட்டின் மூலையிலிருந்து நார் வாக்கில் விரிசல் ஓடும். "ஒண்ணும் ஆகாது அண்ணே, சின்ன வெட்டுத்தான்" என்று வேலைக்காரர் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். விளிம்பில் வெட்ட அனுமதி உள்ளது மேல்பக்கத்தில் மட்டும். அதுவும் மரம் சுவரில் உட்காரும் இடத்தை ஒட்டி, உயரத்தில் பாதித் தூரத்துக்குள், மூன்றில் ஒரு பங்கு ஆழம் வரைதான்.

புது வீடுகளில் பெரும்பாலும் ஆங்கில I எழுத்து வடிவில் வரும் ஐ-ஜாயிஸ்ட்தான். அதற்கு மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. மேலும் கீழும் உள்ள தடித்த பட்டைகளில் ஒரு கீறலும் விழக்கூடாது. நடுப் பலகையில் எந்த இடத்தில் எவ்வளவு பெரிய ஓட்டை போடலாம் என்பதற்கு அந்தக் கம்பெனியின் அட்டவணை இருக்கும், அதைப் பார்த்துத்தான் செய்யவேண்டும். ட்ரஸ் (மரத்துண்டுகளை முக்கோணங்களாகக் கோத்த சட்டம்), எல்விஎல் பீம் (மெல்லிய மரத்தகடுகளை ஒட்டிச் செய்த உத்தரம்) என்றால் எஞ்சினியர் எழுதிக் கொடுக்காமல் தொடாதீர்கள்.

வயருக்கு ஓட்டை சிறியது, ஆபத்து வேறு: பின்னாளில் யாராவது அடிக்கும் ஆணி. கேபிள் மரத்தின் விளிம்பிலிருந்து 32 மி.மீ. உள்ளே இருக்கவேண்டும், முடியாவிட்டால் அந்த இடத்தில் இரும்புத் தகடு அடிக்கவேண்டும். சொந்த வீட்டில் வயரிங்கை நீங்களே செய்யலாம், ஆனால் ஒன்டாரியோவின் மின் பாதுகாப்பு அமைப்பான ஈஎஸ்ஏவிடம் பதிவு செய்தாகவேண்டும். ஆள் வைத்துச் செய்தால் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டர்தான் வேண்டும். பிளம்பிங்குக்கு சிட்டியின் பெர்மிட்.

இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கும் வரை டிரைவால் (ஜிப்சம் பலகை) அடிக்க விடாதீர்கள். மூடிவிட்டால் பிரிக்கச் சொல்வார், அந்தச் செலவு உங்கள் தலையில். மூடும் முன் ஒவ்வொரு ஓட்டைக்கும் பக்கத்தில் அளவு டேப்பைப் பிடித்துப் போட்டோ எடுத்து வையுங்கள், வீட்டை விற்கும்போது வாங்குபவரின் ஆள் கேட்டால் காட்டலாம்.