மர மேசை பிசுபிசுக்கிறது, நடுவில் வெள்ளைத் தடம். உப்புத்தாள் போடலாமா?

மேசைக்காரன்:
வணக்கம். ஆறு பேர் உட்காரும் மர மேசை, வாங்கி எட்டு வருடம் ஆகிறது. கறை படக்கூடாது என்று முதல் நாளே தடிமனான பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுவிட்டோம். போன மாதம் அதை எடுத்தால் சில இடங்களில் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்தது. அடியில் பாலிஷ் பிசுபிசுவென்று இருக்கிறது, முழங்கையை வைத்தால் தோல் ஒட்டிக்கொண்டு 'சடக்' என்று விடுகிறது. விரிப்பு இல்லாத மேசையில் யாரோ சூடான பாத்திரத்தை வைத்து வட்டமாக ஒரு வெள்ளைத் தடமும் வந்தாயிற்று. மூலையில் கறுப்பாக ஒரு புள்ளி வேறு. வினிகர் போட்டுப் பார்த்தேன், அப்புறம் சமையல் எண்ணெய். எண்ணெய் போட்ட அன்று பளபளப்பு, மறுநாள் தூசியெல்லாம் அப்பிக்கொண்டது. மொத்தமாகத் தேய்த்துவிடலாமா?

கரிச்சான்:
தேய்த்துவிடுங்கள், ஒரு நாள் வேலை. நான் அப்படித்தான் செய்தேன்.

இழைப்புளி:
அவசரப்படாதீர்கள். முதலில் பலகையின் ஓரத்தைப் பாருங்கள். மேலே ஓடும் மரவரி அப்படியே பலகையின் முனையிலும் தொடர்ந்தால் முழு மரம். முனையில் வேறு மாதிரி இருந்தால் வெனீர், அதாவது மேலே ஒட்டிய மெல்லிய மரத்தாள், அது பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் அளவுதான், உப்புத்தாள் இரண்டு இழுப்பு கூடினாலும் அடியில் இருக்கும் ஒட்டுப்பலகை பல்லிளிக்கும்.

பிசுபிசுப்புக்குக் காரணம் அந்த விரிப்புதான். அந்த மாதிரி விரிப்பு பிவிசி என்ற பிளாஸ்டிக், அதை வளைய வைக்கச் சேர்க்கும் பொருள் மெல்ல மெல்லப் பாலிஷுக்குள் இறங்கி அதை இளக்கிவிடும். அதன் மேல் நீங்கள் சமையல் எண்ணெய் வேறு பூசியிருக்கிறீர்கள். அதில் பெரும்பாலானவை காய்ந்து இறுகாது, நாளானால் சிக்கு வாடைதான் மிச்சம். வினிகரும் வேண்டாம், அமிலம் பளபளப்பை மங்கடிக்கும்.

என்ன பாலிஷ் என்று தெரிந்துகொண்டு தொடுங்கள். மேசைக்கால் உட்பக்கம் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒரு நிமிடம் வையுங்கள். இளகினால் அரக்கு பாலிஷ். இல்லாவிட்டால் லேக்கர் தின்னரில் பாருங்கள், அதில் இளகினால் லேக்கர். இரண்டுக்கும் அசையவில்லை என்றால் பியூ (பாலியூரித்தேன்) மாதிரி இறுகிப்போகும் வகை. ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது.

மேசைக்காரன்:
பார்த்தேன். முழு மரம்தான். ஸ்பிரிட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, தின்னர் வைத்ததும் பஞ்சு ஒட்டிக்கொண்டது, நார் நாராகப் பிய்த்தெடுக்க வேண்டியதாகிவிட்டது. அப்போ லேக்கரா? வெள்ளைத் தடத்தின் மேல் துணி விரித்து இஸ்திரிப்பெட்டி வைக்கலாம் என்கிறார்களே?

இழைப்புளி:
லேக்கர்தான். இஸ்திரிப்பெட்டி மற்ற மேசைக்குச் சரி, உங்கள் பாலிஷ் ஏற்கெனவே இளகிக் கிடக்கிறது, துணியின் நெசவு அப்படியே அச்சாகப் பதிந்துவிடும். முதலில் பிசுக்கை எடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திர சோப்பு ஒரு சொட்டு, துணியை நன்றாகப் பிழிந்து மரவரி போகும் திசையில் துடையுங்கள், உடனே உலர்ந்த துணி. அப்புறம் மினரல் டர்பன்டைன் தொட்ட துணியால் எண்ணெயை எடுங்கள், இறுகிய லேக்கரை அது கரைக்காது. அதன் பிறகு சில வாரம் மேலே எதுவும் போடாமல் விடுங்கள். லேசாக இளகியிருந்தால் திரும்ப இறுக வாய்ப்பு உண்டு. இறுகாவிட்டால் பழையதைச் சுரண்டிப் புதுப் பூச்சுதான், அன்றைக்கு உப்புத்தாளை எடுங்கள்.

வெள்ளை என்றால் ஈரம் பாலிஷுக்குள்ளேயே மாட்டியிருக்கிறது, மரத்துக்கு ஒன்றுமில்லை. பாலிஷ் இறுகிய பிறகு ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் ஆட்டி ஆட்டிக் காட்டுங்கள். கறுப்பு அப்படி இல்லை. தண்ணீர் மரம் வரை போய் இரும்பும் மரத்தில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருளும் சேர்ந்ததால் வருவது. ஆக்சாலிக் அமிலத்தில் போகும், ஆனால் பாலிஷை எடுத்த வெறும் மரத்தில்தான் வேலை செய்யும், அது நச்சு, கையுறை இல்லாமல் தொடாதீர்கள். அந்த மூலையில் இரும்புச் சாமான் ஏதாவது இருந்ததா?

மேசைக்காரன்:
பூச்சாடி வைக்கும் இரும்பு வளையம்! விரிப்பு அந்த மூலை வரை வராது. சோப்பும் டர்பன்டைனும் முடிந்தது, துணியில் வந்த பழுப்பு அழுக்கை வீட்டில் யாருக்கும் காட்டவில்லை. முழங்கை இப்போது பாதிதான் ஒட்டுகிறது. மிச்சத்தைப் பொறுத்துப் பார்க்கிறேன். புள்ளியின் மேல் இப்போதைக்குப் பூச்சாடியையே வைத்து மறைத்துவிட்டேன்.

இழைப்புளி:
வளையத்தை எடுத்தீர்களா?

மேசைக்காரன்:
இதோ எடுக்கிறேன்.