தக்காளி விதையை வடிகட்ட வேண்டாம்

குழு: திருவையாறு வீட்டார்

வியாழக்கிழமை

வசந்தா, திருச்சி (மாலை 6:12)
அனைவருக்கும் வணக்கம். புதுமனை புகுவிழாவுக்காக அண்ணனும் அண்ணியும் நம் வீட்டில் ஐந்து நாள் தங்கப் போகிறார்கள். சமையற்காரரிடம் நாளைக்குள் பட்டியலைக் கொடுத்தாக வேண்டும். போன ஆடி மாதம் குடலில் வந்த அழற்சிக்குப் பிறகு அண்ணன் குழைந்த சாதமும் ரசமும் இட்லியும்தான் சாப்பிடுகிறார் என்பது என் நினைவு. அதனால் அவருக்கு மட்டும் தனியாக அப்படியே வைக்கச் சொல்லட்டுமா? கீரை, சுண்டல், வாழைப்பூ இவற்றையெல்லாம் அவர் இலையில் பரிமாற வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடட்டுமா? அண்ணியே சொன்னால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

சுந்தரம் (மாலை 6:47)
அன்புள்ள வசந்தா, நீ கேட்டது நல்லதாயிற்று. எனக்கு வந்த டைவர்டிகுலைடிஸ் என்ற குடல் பை அழற்சியைப் பற்றி நம் குடும்பத்தில் எல்லோருக்கும் பாதிச் செய்திதான் தெரியும். மீதிப் பாதியை எடுத்துச் சொல்லாமல் விட்டது என் பிழை. சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

பெருங்குடலின் தசைச் சுவரைத் துளைத்துக்கொண்டு இரத்தக் குழாய்கள் உள்ளே போகும் இடங்கள் இயல்பாகவே சற்று வலுக்குறைந்தவை. மலம் இறுகி, அதைத் தள்ளுவதற்குக் குடல் அழுத்திச் சுருங்கும்போது, அந்த இடங்களில் உட்சவ்வு வெளிப்பக்கமாகச் சிறு பைபோலப் பிதுங்குகிறது. சைக்கிள் டயர் கிழிந்த இடத்தில் உள்ளிருக்கும் டியூப் புடைத்துக்கொண்டு வருமே, அப்படித்தான் என்று மருத்துவர் சொன்னதும் எனக்கு உடனே விளங்கிவிட்டது. பைகள் இருப்பது மட்டுமே நோயாகிவிடாது. அவற்றில் ஒன்று வீங்கிப் புண்பட்டால்தான் அழற்சி. ஒருமுறை உண்டான பை திரும்ப மறையாது என்பதால், அதை வைத்துக்கொண்டுதான் வாழ வேண்டும்.

ஆடியில் எனக்கு இடது அடிவயிற்றில் வலி வந்தபோது வாயு என்று நினைத்து இரண்டு நாள் ஓமத்தண்ணீர் குடித்தேன். மூன்றாம் நாள் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. சி.டி. ஸ்கேனில்தான் விவரம் தெரிந்தது. நல்லவேளையாகக் குடலில் ஓட்டை விழவில்லை, சீழும் கட்டவில்லை. முதல் இரண்டு நாள் இளநீர், கஞ்சித் தெளிவு, வடிகட்டிய பருப்புத் தண்ணீர் ஆகியவை மட்டும் கொடுத்தார்கள். வலி தணிந்த பிறகு குழைந்த சாதம், இட்லி, தோல் சீவி மசித்த சுரைக்காய் என்று வந்தது. வீக்கமுற்ற குடலுக்கு ஓய்வு தருவதற்காக, நார்ச்சத்தைக் குறைத்துச் சில நாள்களுக்கு மட்டும் கொடுக்கும் உணவு அது.

ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சீட்டில் 'நார்ச்சத்துக் குறைந்த உணவு, விதைகளைத் தவிர்க்கவும்' என்று இருந்ததே தவிர, எத்தனை நாளைக்கு என்று எழுதப்படவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஐந்து மாதம் அதையே கடைப்பிடித்தோம்.

ராஜம் (இரவு 7:05)
வசந்தா, அந்த ஐந்து மாதமும் நான் பட்ட பாட்டை உன்னிடம் சொன்னதில்லை. தக்காளியை வேகவைத்துத் தோலுரித்து, கண் சிறிய வடிகட்டியில் போட்டு, ஒரு விதைகூடக் கீழே இறங்காதபடி கரண்டியின் முதுகால் தேய்த்துத் தேய்த்து ரசம் வைப்பேன். தாளித்த பிறகு கடுகைக் கரண்டி நுனியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பேன். ஒரு கடுகு பையில் போய்ச் சிக்கிக்கொண்டால் மறுபடியும் அந்த வலி வந்துவிடும் என்று எனக்கு அவ்வளவு பயம். அவரோ நாளுக்கு நாள் இளைத்துப் போனார். சட்டையின் கழுத்துப் பட்டையில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்தது. மூன்று நாளைக்கு ஒரு முறைதான் மலம் கழிந்தது, அதுவும் முக்கி முக்கி. இதற்குக் காரணம் நான் சமைக்கும் உணவுதான் என்பது மார்கழியில் வேறொரு மருத்துவரிடம் போகும்வரை எனக்குத் தெரியாது.

இளங்கோ, சென்னை (இரவு 8:31)
பெரியப்பா, பெரியம்மா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் நானும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மலத்தில் இரத்தம் பட்டதால் சென்ற மாதம் எனக்குக் கொலோனோஸ்கோபி, அதாவது பெருங்குடலுக்குள் கேமராக் குழாயை விட்டுப் பார்க்கும் சோதனை, செய்தார்கள். இரத்தத்துக்குக் காரணம் மூலம்தான் என்றாலும், அறிக்கையின் கடைசி வரியில் 'டைவர்டிகுலோசிஸ்', அதாவது குடலில் அந்தப் பைகள் இருக்கின்றன என்று எழுதியிருந்தது. அன்றிலிருந்து கொய்யா, வேர்க்கடலை, எள்ளுருண்டை, சுண்டல் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். 41 வயதில் இப்படி வந்துவிட்டதே என்று இரவில் தூக்கம் வரவில்லை. வீட்டில் யாரும் கவலைப்பட வேண்டாம் என்றுதான் இதுவரை சொல்லவில்லை.

கவிதா, சிங்கப்பூர் (இரவு 9:20)
இளங்கோ அத்தான், வேலை முடிந்து இப்போதுதான் பார்த்தேன். நான் அறுவை சிகிச்சைப் பிரிவில் செவிலியாக இருப்பதால் இந்த நோயாளிகளை அடிக்கடி பார்க்கிறேன். முதலில் ஒன்றை மனத்தில் வையுங்கள். பைகள் இருக்கும் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுவதும் எந்தத் தொல்லையும் வருவதில்லை. நூறு பேரில் இருபது பேருக்கு அழற்சி வரும் என்று முன்பு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அண்மைக் கால ஆய்வுகளின்படி ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் வருகிறது.

விதைகளைப் பற்றிய பயத்துக்கு அடிப்படை இல்லை. அமெரிக்காவில் 47,000-க்கும் மேற்பட்ட ஆண்களின் உணவுப் பழக்கத்தை 18 ஆண்டுகள் கவனித்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், கொட்டைப் பருப்புகளும் சோளப்பொரியும் அதிகமாகச் சாப்பிட்டவர்களுக்கு அழற்சி கூடவில்லை, குறைவாகவே இருந்தது. அத்தை ஐந்து மாதம் வடிகட்டி எடுத்த தக்காளி விதைகளை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது.

உண்மையில் கவனிக்க வேண்டியவை வேறு. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி போன்ற சிவப்பு இறைச்சியை அதிகமாகச் சாப்பிடுவது, புகைபிடிப்பது, இடுப்பைச் சுற்றிச் சதை போடுவது, உடல் அசையாமல் உட்கார்ந்தே இருப்பது, இவையெல்லாம் அழற்சி வரும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. எல்லாவற்றையும் விட, நீங்கள் முதுகுவலிக்கு விழுங்கும் இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகள் இந்தப் பைகளில் இரத்தக் கசிவையும் ஓட்டையையும் உண்டாக்கக்கூடியவை. அதற்குப் பதில் என்ன எடுக்கலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். பரம்பரைக்கும் பெரிய பங்கு உண்டு. ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் ஏறத்தாழப் பாதிப் பங்கு பரம்பரைக்கு என்கின்றன. ஆகவே சுந்தரம் மாமாவுக்கும் உங்களுக்கும் இருப்பதில் வியப்பில்லை. உங்கள்மேல் நீங்களே பழி போட்டுக்கொள்ளவும் வேண்டாம்.

இன்னொன்று, நம்மைப் போன்ற ஆசியர்களில் பலருக்குப் பைகள் வலப்பக்கம் வருவதுண்டு. குடல்வால் வலி என்று நினைத்து வந்து, ஸ்கேனில் இது என்று தெரிந்தவர்களை எங்கள் பிரிவில் பார்த்திருக்கிறேன். வலி இடப்பக்கம் இல்லையே என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள்.

வெள்ளிக்கிழமை

பாலு, மயிலாடுதுறை (காலை 5:50)
எல்லோருக்கும் காலை வணக்கம். அண்ணா, நம் அப்பா காலத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதிக்கு விடுவார்கள். குடல் சுத்தமாக இருந்தால் பையில் எதுவும் தேங்காது அல்லவா? வலி வரும்போது ஒரு கரண்டி குடித்தால் எல்லாம் இறங்கிவிடும் என்று நண்பர் ஒருவர் அனுப்பியதை உங்களுக்கும் அனுப்பலாம் என்று நினைத்தேன்.

சுந்தரம் (காலை 6:35)
தம்பி பாலு, உன் அக்கறை எனக்குத் தெரியும். ஆனால் இதை அனுப்ப வேண்டாம். யாராவது நம்பிக் குடித்துவிடுவார்கள். வீங்கிப் புண்பட்டிருக்கும் குடலைப் பேதி மருந்து மேலும் முறுக்கிப் பிழியும். காய்ச்சலோடு வயிறு வலிப்பவருக்கு அதைக் கொடுத்தால், மருத்துவமனைக்குப் போக வேண்டிய பொன்னான நேரமும் கழிவறையிலேயே போய்விடும். ஆடியில் இரண்டாம் நாள் இரவு நானே விளக்கெண்ணெய்ப் புட்டியைக் கையில் எடுத்தேன். 'விடியட்டும், முதலில் மருத்துவரைப் பார்ப்போம்' என்று சொல்லி உன் அண்ணிதான் அதைப் பிடுங்கி அலமாரியில் வைத்தாள்.

மார்கழியில் பார்த்த மருத்துவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, 'என்ன சாப்பிடுகிறீர்கள்?' என்பதுதான். நான் சொல்லி முடித்ததும், அழற்சி நாள்களுக்கு ஓர் உணவு, அமைதியான நாள்களுக்கு அதற்கு நேர்மாறான உணவு என்று பிரித்துச் சொன்னார். அழற்சி ஆறிய பிறகு நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து சேர வேண்டுமாம். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த வெள்ளை அரிசியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 3 கிராம்தான் இருக்கிறது. அதே எடைக் கேழ்வரகில் 11 கிராம் இருக்கிறது. நார்ச்சத்து மலத்துக்குப் பருமனையும் மென்மையையும் கொடுப்பதால் குடல் இறுக்கிப் பிழிய வேண்டிய தேவை குறைகிறது.

இளங்கோ (காலை 7:10)
அப்படியென்றால் நான் இன்றைக்கே கேழ்வரகுக் களியும் சுண்டலும் சாப்பிட ஆரம்பிக்கலாமா, பெரியப்பா?

சுந்தரம் (காலை 7:42)
அவசரப்படாதே, இளங்கோ. அந்தத் தவற்றை நான் செய்தேன். கணக்கு நோட்டு ஒன்றில் வாரத்துக்கு ஒரே ஒரு புதிய பொருள் என்று எழுதி வைத்துத் தொடங்கினேன். தை முதல் வாரம் காலையில் அரை டம்ளர் கேழ்வரகுக் கஞ்சி. அடுத்த வாரம் வேகவைத்த பாசிப்பயறு இரண்டு கரண்டி. பிறகு முருங்கைக்கீரை, அதன்பின் அவரைக்காய், வாழைத்தண்டு. நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, மாசி மகத்தன்று கோயிலில் கொடுத்த கொண்டைக்கடலைச் சுண்டலைத் தொன்னை நிறையச் சாப்பிட்டுவிட்டேன். இரண்டு நாள் வயிறு மத்தளம்போல இருந்தது. மறுபடியும் அழற்சிதான் என்று பயந்து மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

அவர் கேட்ட கேள்விகளை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், உனக்கும் பயன்படும். வலி இடம் மாறுகிறதா, வாயு பிரிந்தால் குறைகிறதா? அப்படியானால் பெரும்பாலும் வாயுதான். ஒரே இடத்தில் நிலைத்து நிற்கிறதா, விரலால் அழுத்தினாலோ பேருந்து குலுங்கினாலோ கூடுகிறதா, காய்ச்சலும் குமட்டலும் இருக்கின்றனவா? அப்படியானால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். எனக்கு அன்று வாயுதான். அளவைப் பாதியாகக் குறைத்து மறுபடியும் தொடங்கினேன். இப்போது ஒரு கிண்ணம் சுண்டல் சுகமாகச் செரிக்கிறது.

தண்ணீரை மறந்துவிடாதே. நார்ச்சத்தைக் கூட்டிவிட்டுத் தண்ணீரைக் கூட்டாவிட்டால் மலம் இன்னும் இறுகும். வெண்கலச் செம்பு ஒன்று என் மேசைமேல் எப்போதும் இருக்கிறது, ஒரு லிட்டர் பிடிக்கும். காலை பதினொரு மணிக்குள் ஒரு முறையும் மாலை நான்கு மணிக்குள் ஒரு முறையும் அதைக் காலி செய்துவிடுவேன். காவிரிக் கரையில் அரை மணி நேரம் நடக்கிறேன்.

கவிதா (காலை 8:15)
மாமா சொன்னதோடு இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன். மலத்தோடு இரத்தம் நிறையப் போவது, தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல் வாந்தியாவது, வயிறு பலகைபோல இறுகுவது, சிறுநீரில் காற்றுக் குமிழியோ மலமோ கலந்து வருவது, இவற்றில் எது வந்தாலும் இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். அந்த நேரத்தில் கஞ்சித் தெளிவு குடித்துக்கொண்டு வீட்டில் காத்திருக்கக் கூடாது.

அடுத்தது, எல்லா அழற்சிக்கும் ஆன்டிபயாட்டிக் தேவை என்பதில்லை. ஓட்டை, சீழ் போன்ற சிக்கல் இல்லாத அழற்சி கண்ட 623 பேரை வைத்து ஸ்வீடனிலும் ஐஸ்லாந்திலும் செய்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில், அந்த மருந்து கொடுத்தவர்களும் கொடுக்காதவர்களும் ஒரே மாதிரியாகத்தான் தேறினார்கள். யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பதை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்வார். ஆகவே மாமாவுக்கு எழுதிக் கொடுத்த பழைய சீட்டைக் காட்டி, நம் வீட்டில் வேறு யாரும் கடையில் மாத்திரை வாங்க வேண்டாம்.

உணவு முறையால் பைகள் சுருங்கிவிடும் என்றும் எதிர்பார்க்காதீர்கள், அத்தான். நன்றாகச் சாப்பிட்டு வந்தவர்களுக்கும் சில சமயம் மீண்டும் வருவதுண்டு. அப்படி வந்தால் அது நீங்கள் சாப்பிட்ட ஏதோ ஒரு கொய்யாவின் குற்றம் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

பாலு (காலை 8:40)
மன்னிக்கவும் அண்ணா. அனுப்பிய நண்பரிடமும் விவரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

இளங்கோ (காலை 9:02)
மாத்திரையைப் பற்றி இன்று மாலையே மருத்துவரிடம் கேட்கிறேன், கவிதா. ஞாயிறுதோறும் வாங்கும் ஆட்டுக்கறியை மாதத்துக்கு ஒரு முறை என்று குறைத்து, மற்ற ஞாயிறுகளில் மீன் வாங்கலாம் என்று வீட்டிலும் பேசிவிட்டோம்.

வசந்தா (காலை 9:30)
அப்படியானால் அண்ணன் இலையில் எதைத்தான் வைக்கச் சொல்வது? எனக்குத் தெளிவாகச் சொல்லுங்கள்.

சுந்தரம் (காலை 9:48)
எல்லோருக்கும் வைப்பதையே எனக்கும் வை, அம்மா. வாழைப்பூப் பொரியல், கீரை மசியல், அவியல், சுண்டல் எல்லாம் சாப்பிடுவேன். காலையில் மட்டும் கேழ்வரகுக் கஞ்சிக்கு வழி செய்துவிடு. அந்த ஐந்து நாளில் எனக்கு வலி கண்டால், அன்றைக்கு மட்டும் கஞ்சித் தெளிவுக்குத் திரும்பிவிட்டு மருத்துவரை அழைப்பேன். ஸ்கேன் அறிக்கையையும் மருந்துச் சீட்டையும் பையில் எடுத்து வைத்துவிட்டேன்.

ராஜம் (காலை 10:05)
இரண்டு கிலோ கேழ்வரகு மாவை வறுத்து எடுத்து வருகிறேன், கடையில் வாங்க வேண்டாம். சமையற்காரரிடம் ரசத்துக்குத் தக்காளியைக் கையால் பிசைந்தே போடச் சொல். அந்த வடிகட்டியில் இப்போது பால்தான் வடிகட்டுகிறேன்.

வசந்தா (காலை 10:20)
பட்டியலை அனுப்பிவிட்டேன், அண்ணி. மாலைச் சிற்றுண்டியோடு வைக்க இரண்டு கிலோ கொய்யாவும் சேர்த்து எழுதியிருக்கிறேன். இளங்கோ, நீயும் வெள்ளிக்கிழமை இரவே கிளம்பி வந்துவிடு.