வேலூர் பாகாயத்திலிருந்து கணவன் மனைவி ஒரு நாள் சைக்கிள் பயணம்: ஏலகிரியா, வேறு வழி உண்டா?

பாகாயம்வாசி:

வணக்கம். தை மாதத்தில் எங்கள் திருமண நாள் வருகிறது. ஹோட்டல், கேக் என்று போகாமல் அன்று முழுவதும் இருவரும் சைக்கிளில் மலைப் பக்கம் சுற்றி வரலாம் என்று இருக்கிறோம். இருவரிடமும் கியர் சைக்கிள் இருக்கிறது. அவர் தினமும் காலையில் கோட்டை வரை போய் வருகிறவர். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் கணியம்பாடி வரை போவேன், அவ்வளவுதான்.

அவருக்கு ஏலகிரி ஏற வேண்டும் என்று ஆசை. எனக்கு மலை பிடிக்கும், மூச்சு வாங்குவது பிடிக்காது. குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போவதால் இருட்டுவதற்குள் வீடு திரும்பியாக வேண்டும். இந்தப் பக்கம் ஜோடியாக ஓட்டிய அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

ஒற்றைச்சக்கரம்:

யோசிக்கவே வேண்டாம், ஏலகிரிதான். 14 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் புலவர், வள்ளல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர்ப் பலகையைப் படித்துக்கொண்டே ஏறினால் களைப்பு தெரியாது. மேலே புங்கனூர் ஏரிக்கரையில் உட்கார்ந்துவிட்டு இறங்கலாம். மனம் இருந்தால் கால் தானாக மிதிக்கும்.

படவேட்டுமருமகள்:

பாகாயம் தங்கைக்கு,

மேலே எழுதியவர் தனியாகப் போய் வருகிறவர் என்பது அவர் எழுத்திலேயே தெரிகிறது. பாகாயத்திலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி தாண்டி ஏலகிரி அடிவாரமான பொன்னேரிக்குப் போய்ச் சேரவே 80 கிலோமீட்டர் பக்கம் ஆகும். அதுவும் பெங்களூரு லாரிகளோடு. அதற்குப் பிறகு அந்த 14 வளைவு. மாமியாரிடம் என்ன நேரம் சொல்லிவிட்டுப் போவாய்?

மலையைப் பார்க்க மலைமேல்தான் ஏற வேண்டும் என்று யார் சொன்னது? ஏறும்போது கண்ணுக்குத் தெரிவது தார் ரோடும் முன் சக்கரமும்தான். மலைகளுக்கு நடுவே போ. எங்கள் பக்கம் அதற்கென்றே அமைந்த ஊர்.

விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பினால் கணியம்பாடி, கண்ணமங்கலம், சந்தவாசல். அங்கே நெடுஞ்சாலையை விட்டு வலது கைப்பக்கம் திரும்பினால் படவேடு. தெம்பு இருந்தால் இன்னும் உள்ளே செண்பகத்தோப்பு அணை வரை. பொன்னேரிக்கு ஒரு வழியில் ஆகிற தூரத்தில் இதைப் போக வர முடித்துவிடலாம். ஏற்ற இறக்கம் இருக்கிறது, ஆனால் இறங்கித் தள்ளுகிற அளவுக்கு இல்லை. தெற்கு நோக்கிப் போவதால் காலையில் வெயில் இடது கன்னத்தில் விழும். வலது பக்கம் ஜவ்வாது மலை வரிசையில் ஒவ்வொரு மடிப்பாக வெளிச்சம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே மிதிக்கலாம்.

சந்தவாசல் வரை திருவண்ணாமலை பஸ்கள் பறக்கிற சாலை. பௌர்ணமியும் அதற்கு முந்தின நாளும் வேண்டவே வேண்டாம், கிரிவலக் கூட்டம். பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டு ஓட்டுவதெல்லாம் சந்தவாசல் திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை ஒருவர் பின் ஒருவர். நீ முன்னால், அவர் பின்னால். ஆண்கள் முன்னால் போனால் அரை மணி நேரத்தில் புள்ளியாகிவிடுவார்கள். பிறகு ஒரு புளியமரத்தடியில் நின்று, நாம் வந்து சேர்ந்ததும் "போகலாமா?" என்பார்கள். அவர் ஓய்வெடுத்து முடித்திருப்பார், நமக்கு ஓய்வே கிடைக்காது. எங்கள் வீட்டுக்காரர் தொலைபேசித் துறையில் கம்பம் கம்பமாகச் சைக்கிளில் போய் வந்தவர். அவருக்கே இந்தச் சட்டம்தான்.

தை மாதம் என்கிறாய். உள்ளூர் ரோடுகளில் கேழ்வரகு, கொள்ளு, உளுந்து என்று அறுத்ததைத் தார்மேல் பரப்பி வைத்திருப்பார்கள், வண்டிகள் ஏறி மிதித்துத் தரட்டும் என்று. காருக்கு அது ஒன்றுமில்லை. சைக்கிளுக்குச் சறுக்கும், கொள்ளுக் கொடி பின்சக்கரப் பல்லில் சுற்றிக்கொண்டால் செயின் இறுகி நின்றுவிடும். ஓரமாக இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே மேல். களத்துக்காரம்மாவும் திட்டமாட்டார், ஒரு கை மல்லாட்டை (நிலக்கடலை) கொடுத்தாலும் கொடுப்பார்.

படவேட்டுக்குள் நுழைந்ததும் வாழைத் தோப்புகள் ஆரம்பித்துவிடும், வெயிலே மாறிப்போகும். ரேணுகாம்பாள் கோயில் எப்படியும் போவீர்கள். ராமர் கோயிலையும் தவறவிடாதே. அங்கே ராமர் கையில் வில் இல்லை. சின்முத்திரையோடு யோகத்தில் அமர்ந்திருக்கிறார், அனுமார் ஓலைச்சுவடி வைத்திருக்கிறார். சம்புவராயர்களின் தலைநகராக இருந்து 14ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்துக் குமார கம்பணர் கைக்குப் போன ஊர் இது. அந்தக் கதையை உன் வீட்டுக்காரரிடம் விட்டுவிடு, ஏலகிரி போகாத குறை தீரப் பேசுவார்.

மதியம் 3 மணிக்குத் திரும்பக் கிளம்பிவிடுங்கள். மலை மேற்கே இருப்பதால் அடிவாரத்தில் வெயில் சீக்கிரம் மறைந்துவிடும். இன்னும் பொழுது இருக்கிறது என்று நினைத்து அணைப் பக்கமே உட்கார்ந்துவிட வேண்டாம்.

ரிம்வளைவு:

கடை வைத்திருக்கிறேன், அதனால் வண்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஏற்றம் ஆரம்பித்து மூச்சு முட்டிய பிறகு கியரைக் குறைக்கக் கூடாது. செயின் இழுவையில் இருக்கும்போது மாற்றினால் கடகடவென்று நழுவும். ஏற்றம் கண்ணில் பட்டதுமே முன்னால் சின்னப் பல், பின்னால் பெரிய பல். இறக்கத்தில் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே வரக் கூடாது. ரிம் சூடேறி ரப்பர் கட்டை பிடிக்காமல் போகும். அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு வர வேண்டும். சகோதரி சீட் உயரத்தையும் பாருங்கள். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருந்தால் போதும். கணவர்கள் பாதுகாப்பு என்று சொல்லி மனைவி சீட்டைத் தாழ்த்திவிடுகிறார்கள், பிறகு முட்டி வலி என்று கடைக்கு வருகிறார்கள்.

பாகாயம்வாசி:

அக்கா, அப்படியே மனதில் பதிந்துவிட்டது. சீட் விஷயம் எங்கள் வீட்டில் நடந்ததுதான், இன்றைக்கே உயர்த்தச் சொல்லிவிட்டேன். இரண்டு சந்தேகம். பஞ்சர் ஆனால் வழியில் கடை இருக்குமா? இன்னொன்று, பொதுவில் கேட்கக் கூச்சமாக இருக்கிறது, பெண்கள் கழிப்பறைக்கு என்ன செய்வது?

படவேட்டுமருமகள்:

இதில் கூச்சம் என்ன? அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் ஓட்டி மயங்கி விழுகிறவர்கள்தான் அதிகம். நெடுஞ்சாலையில் பெட்ரோல் பங்க்குகள் இருக்கின்றன, தயங்காமல் கேள். படவேட்டில் கோயில் பக்கம் கட்டணக் கழிப்பறை உண்டு. சில்லறை வைத்துக்கொள். தண்ணீரோடு ஒரு பாட்டிலில் உப்புப் போட்ட மோர் எடுத்துக்கொள், தையானாலும் வேலூர் வெயில் வேலூர் வெயில்தான்.

பஞ்சர் கடையை நம்பாதே. இங்கே ஆணியைவிடச் சீமைக்கருவேல முள்தான் எதிரி. நிழல் என்று மண்ணில் சைக்கிளை ஓட்டி இறக்காதே, தூக்கி வை. முள் குத்தினால் வெளியே இருக்கும் பாகம் ஒடிந்துவிடும், நுனி டயருக்குள்ளேயே நிற்கும். அதை எடுக்காமல் புது டியூப் போட்டால் அதுவும் போய்விடும். டயரைக் கழற்றி உள்பக்கம் துணியால் ஒரு சுற்று தடவு. நூல் இழுபடுகிற இடத்தில் நகத்தை வைத்துப் பார்த்தால் கறுப்பாக ஒரு முனை நெருடும். புருவம் திருத்துகிற சாமணத்தால் பிடித்து இழு. உபரி டியூப் ஆளுக்கு ஒன்று, கைப்பம்பு ஒன்று. வண்டியே படுத்துவிட்டால் கண்ணமங்கலத்தில் குட்டி யானை (சின்னச் சரக்கு வண்டி) பிடித்து இரண்டு சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வரலாம்.

ஒற்றைச்சக்கரம்:

மலையேறாமல் இது என்ன மலைப் பயணம்? அந்த அண்ணன் பாவம்.

படவேட்டுமருமகள்:

அவருக்கு ஏற்றம்தான் வேண்டுமென்றால் வீட்டுக்குப் பக்கத்திலேயே பாலமதி இருக்கிறதே. ஓட்டேரியைத் தாண்டிப் போய் முருகனைக் கும்பிட்டுவிட்டு வரட்டும். தங்கை அந்த ஞாயிற்றுக்கிழமை நன்றாகத் தூங்கட்டும். நீங்களும் துணைக்குப் போங்களேன்.