பூட்டிய பங்கு வீடு: கையில் காசில்லாமல் பாகப்பிரிவினை வழக்குப் போட முடியுமா?

ஆத்தங்குடி வாசகி:
காரைக்குடி பக்கம் தாத்தா பெயரில் ஒரு பூர்வீக வீடு. ஒரு பங்குக்கு வாரிசு கணவரை இழந்த அம்மாவும் இரண்டு மகள்களும். பங்காளிகள் பூட்டை மாற்றிவிட்டார்கள். தேக்குத் தூணையும் நிலைக்கதவையும் பழம்பொருள் கடைக்கு விலை பேசுகிறார்களாம். இரண்டு பங்காளிகள் மலேசியாவில். வக்கீல் பீஸுக்கே வழியில்லாத இந்த அம்மா எங்கே தொடங்குவது?

கோட்டையூரான்:
சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987, பிரிவு 12-ஐப் பாருங்கள். பெண் என்றால் வருமான வரம்பே கிடையாது. நீதிமன்ற வளாகத்திலுள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுத்தால் வக்கீலும் இலவசம், கோர்ட் பீஸும் அவர்கள் பொறுப்பு. முதலில் பேசிப் பார்க்க சட்ட உதவித் தொலைபேசி எண் 15100. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா அல்லது வீட்டுவரி ரசீது, வில்லங்கச் சான்று கையில் இருக்கட்டும்.

வளவு:
முதலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பாதீர்கள். தனியார் மேல் வழக்குப் போட அது கட்டாயமில்லை. நோட்டீஸ் கிடைத்த வாரமே கதவைக் கழற்றிவிடுவார்கள். வழக்கோடு சேர்த்தே இரண்டு மனு போடுங்கள். ஒன்று, கழற்றவும் விற்கவும் இடைக்காலத் தடை (உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 39). இன்னொன்று, வீட்டை நேரில் பார்த்து வர நீதிமன்றம் அனுப்பும் வழக்கறிஞர் ஆணையர் நியமனம் (அதே சட்டம், கட்டளை 26, விதி 9). முகப்பிலிருந்து இரண்டாங்கட்டு வரை தூண் எத்தனை, நிலை எத்தனை, பிடுங்கிய குழி எங்கே என்று அவர் படத்தோடு அறிக்கை தரவேண்டும். அது இல்லாமல் பிறகு 'இங்கே தூணே இல்லை' என்றால் நிரூபிப்பது பெரும்பாடு.

பூட்டு மாற்றியதை மறைக்கவும் கூடாது. கோர்ட் பீஸ் அதைப் பொறுத்தது: பங்காளிகளோடு கூட்டு அனுபவத்தில் இருந்தால் நிலையான சிறு கட்டணம்; வெளியேற்றப்பட்டிருந்தால் பங்கின் சந்தை மதிப்பில் 3 சதவீதம் (2017 திருத்தத்துக்கு முன் 7.5). 50 லட்ச ரூபாய் பங்குக்கு ஒன்றரை லட்சம். சட்ட உதவி கைகொடுப்பது இங்கேதான். கூட்டுக் குடும்பச் சொத்திலிருந்து தன்னை விலக்கிவைத்தது தெரிந்த நாளிலிருந்து 12 வருடம்தான் கெடு என்பதால் பூட்டு மாறிய தேதியைக் குறித்து வையுங்கள்.

இவ்வகை வழக்குகள் பெரும்பாலும் சறுக்குவது தரப்பினர் பட்டியலில். ஒரு அத்தையை விட்டாலும், பொதுவான வயலைச் சேர்க்காவிட்டாலும் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். நடுவில் யாராவது இறந்தால் 90 நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்கவேண்டும்.

ஆத்தங்குடி வாசகி:
நன்றி. லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) பேசி முடிக்கலாம் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். போகலாமா?

கோட்டையூரான்:
போகலாம், தடையுத்தரவு வாங்கியபிறகு. கட்டிய கோர்ட் பீஸ் இருந்தால் திரும்பக் கிடைக்கும். ஆனால் அங்கே கொடுக்கும் தீர்ப்பு சிவில் கோர்ட் டிக்ரிக்கு (தீர்ப்பாணைக்கு) சமம், மேல்முறையீடு கிடையாது. 'சுமுகமாகப் பிரித்துக்கொள்கிறோம்' என்று மட்டும் எழுதினால் நிறைவேற்ற வழியிருக்காது. எந்த அறை யாருக்கு, வளவும் (உள்முற்றப் பகுதி) கிணறும் பொதுவா, எதிர்த்தரப்பு பணம் தருவதென்றால் எந்தத் தேதிக்குள் என்று வரைபடத்தோடு எழுதியபிறகே கையெழுத்து.

மலேசியாக்காரர்கள் நேரில் வரமுடியாவிட்டால் பவர் பத்திரம் அனுப்பலாம். அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று, இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை கட்டவேண்டும். சமரசம் செய்துகொள்ளும் அதிகாரம் அதில் தனியாக எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.